ஈரக் கொழுந்தும் இரத்த அமுக்கமும்

எமது வீட்டு முன்கூடத்து மேசையின்மேல் நீல அட்டை போட்ட கொப்பி ஒன்று எப்பொழுதும் கிடக்கும். வீட்டுக்கு வருவோர் அதனைப் பால் கணக்குக் கொப்பி என்றோ, கடைக் கணக்குக் கொப்பி என்றோ எண்ணிக்கொள்வர். எடுத்துப் பிரித்துப் பார்ப்பவருக்கே அதன் செய்தி விளங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு நிரல்கள்: தேதி, நேரம், உடல் நிறை, இரத்த அமுக்கத்தின் மேல் எண், கீழ் எண், அன்று அருந்திய நீரின் அளவு. ஒரு மனிதருடைய இருதயத்தின் வரவு செலவு அதில் நாள் தவறாமல் எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவர் எமது தமையனார்.

அந்தக் கொப்பி எங்கள் வீட்டுக்கு வந்த கதையை ஞாயிறு வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். எம்மால் நேர்ந்த பிழை ஒன்றும் அக்கதையில் உண்டு. பிழையை மறைத்துவிட்டுப் பயனை மாத்திரம் சொல்வது நேர்மையாகாது. ஆதலின் இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

தமையனார் மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைக்கு மேலேயுள்ள மலைத்தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் பதிவது, மாலையில் கொழுந்து நிறுப்பது, இரவில் விளக்கடியில் செக்ரோல் எழுதுவது என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. நாமோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துக் காலம் போக்கினோம். ஓய்வு பெற்றபின் இருவரும் மாத்தளை நகரில் ஒரே வீட்டில் குடியேறினோம். அண்ணியாரும் எம் மனைவியும் ஓர் அடுப்பில் சமைத்தனர். குறையொன்றும் இல்லை என்றே எண்ணியிருந்தோம்.

குறை உள்ளே இருந்தது. தமையனாருக்கு நாற்பது வயதிலேயே இரத்த அமுக்கம் உயர்ந்திருந்ததாம். தோட்டத்து மருந்துச் சாலையில் குளிகை கொடுத்தார்கள். தலையிடி நின்றதும் குளிகையையும் நிறுத்திவிட்டார். உயர்ந்த இரத்த அமுக்கம் வலியெடுக்காத நோய். சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஓசையின்றி அது சிதைத்துக்கொண்டே போகும். சிதைந்த சிறுநீரகமோ உப்பையும் நீரையும் வெளியேற்ற மாட்டாமல் உடம்பிலேயே தேக்கும். அதனால் அமுக்கம் மேலும் ஏறும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து இரண்டும் பெருகும். அறுபத்து மூன்றாம் வயதில் தமையனாருடைய கால்கள் வீங்கின, உணவு கசந்தது, வாந்தி நிற்கவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்று வைத்தியர் கூறினார். வாரத்துக்கு இருமுறை, திங்களும் வியாழனும், இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய ஏற்பாடாயிற்று. நம்மவர் அதனை ‘டயலிசிஸ்’ என்பர்.

மாணவர்களுக்காக அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லுவோம். கையிலுள்ள நாடி ஒன்றையும் நாளம் ஒன்றையும் சிறு சத்திர சிகிச்சையால் இணைத்துவிடுகிறார்கள். அதனால் அந்த நாளம் பருத்துத் திண்மையடைகிறது. அதில் இரண்டு ஊசிகளை ஏற்றி, ஒன்றின் வழியே இரத்தத்தை வெளியே எடுத்து, நுண்ணிய இழைக் குழாய்கள் பல்லாயிரம் அடங்கிய வடிகட்டியினூடே ஓடச் செய்து, மற்றதன் வழியே உடம்புக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கழிவுகள் வடிகட்டியில் நீங்கும். தேங்கிய நீரையும் இயந்திரம் அளவிட்டு இழுத்துவிடும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் செல்லும்.

தமையனாரின் அடுத்த கட்டிலில் வில்கமுவைப் பகுதியைச் சேர்ந்த சிங்கள விவசாயி ஒருவர் படுப்பார். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, மகாவலியை அடுத்த வரண்ட நிலத்தில் வயல் செய்தவர். அவருக்கு நீரிழிவும் இருந்ததில்லை. இரத்த அமுக்கமும் முன்னர் உயர்ந்ததில்லை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் வைத்தியர்களின் கவனத்துக்கு முதன்முதல் வந்து, இன்றுவரை காரணம் முடிவாகாத சிறுநீரக நோய்க்கு ஆளானவர்களுள் அவரும் ஒருவர். அந்நோயின் கொடுமை காரணமாகவே 2021இல் பொலன்னறுவையில் சீன அரசின் உதவியோடு சிறுநீரக நோய்க்கென்று தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. தமையனாரோ அமுக்கத்தால் சிறுநீரகத்தை இழந்தவர். அவரோ சிறுநீரகத்தை இழந்தபின் அமுக்கத்தைக் கண்டவர். இரு வேறு வழிகளில் வந்த இருவரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டனர். தேங்கும் நீருக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது.

இனி எமது பிழைக்கு வருவோம்.

ஒவ்வொரு முறையும் சுத்திகரிப்பு முடிந்ததும் தாதி இரத்த அமுக்கம் பார்த்து அட்டையில் எழுதுவார். 124க்கு 72, 126க்கு 74 என்று இருக்கும். எமக்கு அது பெரும் மகிழ்ச்சி. “அண்ணா, எம்மைப் பார்க்கிலும் உங்கள் பிரஷர் நன்றாயிருக்கிறது!” என்போம். அவரும் சிரிப்பார். அந்த ஓர் எண்ணை வாரத்தின் எல்லா நாளுக்கும் உரிய எண்ணாக நாம் கொண்டுவிட்டோம். கொழும்பிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய அமுக்கமானி, பெட்டியுங் கலையாமல் அலுமாரியில் இருந்தது. வைத்தியசாலையில்தான் பார்க்கிறார்களே, வீட்டில் வேறு எதற்கு என்பது எமது எண்ணம்.

ஓராண்டு மாசி மகம் வந்தது. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதியில் உலா வருகின்ற நாளை அறியாதவர் எம் மாவட்டத்தில் இலர். கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையிறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் எம் முன்னோர். பசியாலும் நோயாலும் தாகத்தாலும் அவ்வழியிலே மடிந்தவர் பலர். அந்த நினைவு எம்மவரின் இரத்தத்தில் ஊறியிருப்பதாற் போலும், திருவிழா நாளில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதை நாங்கள் பெரும் புண்ணியமாகக் கருதுவோம். அவ்வாண்டும் எங்கள் வீதியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம்.

திருவிழா நாட்கள் வியாழனுக்கும் திங்களுக்கும் இடையிலே, அதாவது இரண்டு இடைவெளிகளுள் நீண்டதாகிய நான்கு நாட்களுக்குள்ளே வந்தன. உறவினர் வந்து கூடினர். புளியோதரை, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் என்று இலை நிறைந்தது. தமையனார் முதலில் தயங்கினார். “பிரஷர்தான் இறங்கிவிட்டதே, அண்ணா! இந்த இரண்டு நாளும் சாப்பிடுங்கள்” என்று சொன்னவர் நாமே. வெயிலில் தேரோடு நடந்து களைத்து அவர் பந்தலுக்கு வந்தபொழுது, உப்பும் இஞ்சியும் சேர்த்த நீர்மோரைக் குவளை குவளையாக நீட்டியதும் எமது கையே. தாகம் என்று கேட்பவருக்கு, அதுவும் கூடப் பிறந்தவருக்கு, தண்ணீரை மறுக்கக் கை வருமா?

ஞாயிறு நள்ளிரவு அண்ணியார் எம்மைக் கூவி அழைத்தார். தமையனார் கட்டிலில் படுக்கமாட்டாமல் சன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல மூச்சு இரைந்தது, உதடு கறுத்திருந்தது. அப்பொழுதுதான் அலுமாரியைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தோம். 204க்கு 108. மூன்று நாட்களுக்கு முன் 124 என்று நாம் மகிழ்ந்த மனிதர் இவரே! 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. வழியெல்லாம் தமையனார் எமது கையைப் பற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பிடியின் இறுக்கத்தை நாம் இன்றும் மறக்கவில்லை.

வைத்தியசாலையில் நிறுத்துப் பார்த்தார்கள். தேங்கிய நீரெல்லாம் நீங்கியபின் அவருக்கு இருக்கவேண்டிய நிறை 58 கிலோகிராம். இதனை உலர் நிறை என்பர். அன்றைய நிறை 62.6. நான்கு நாட்களில் 4.6 லீற்றர் நீர் உடம்பில் ஏறி, நுரையீரலுக்குள்ளும் கசிந்திருந்தது. உடனே இயந்திரத்தோடு இணைத்தார்கள். மூச்சுத் திணறல் மெல்லத் தணிந்தது. நாமும் ஆறுதலடைந்தோம். ஆனால் மூன்றாம் மணியளவில் தமையனார் தொடர்ந்து கொட்டாவி விட்டார், நெற்றி வியர்த்தது, கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, கண்கள் மேலே செருகின. மணி ஒலித்தது. 84க்கு 50! தாதிமார் ஓடிவந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நீர் இழுப்பதை நிறுத்தி, சிறிது உப்புக் கரைசலை இரத்தத்தில் ஏற்றினர். சில நிமிடங்களின் பின்னரே அவர் கண் திறந்தார். மிகுதி நீரை மறுநாள் எடுப்பதென்று முடிவாயிற்று.

ஒரே இரவில் 204இல் இருந்து 84க்கு! இது என்ன விந்தை என்று எமக்குப் புரியவில்லை. தமிழும் சிங்களமும் கலந்து பேசும் இளம் வைத்தியர் ஒருவர், ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு வரைந்து விளக்கினார். அலைபோல ஏறி இறங்கும் கோடு அது. சுத்திகரிப்பு முடிந்த மாலையில் கோடு பள்ளத்தில் இருக்கும். பின்னர் அருந்தும் நீரும் உண்ணும் உப்பும் வெளியேற வழியின்றிச் சேரச் சேர, நாளுக்கு நாள் அது மேலேறும். அடுத்த சுத்திகரிப்புக்கு முந்திய நேரமே சிகரம். இயந்திரம் நீரை இழுத்ததும் மீண்டும் பள்ளம். “நீங்கள் பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையே இல்லை என்று நினைத்தீர்கள்” என்றார் அந்த அம்மையார்.

பள்ளம் ஏன் அத்தனை ஆழமாயிற்று என்பதையும் அவர் சொன்னார். இயந்திரம் நீரை எடுப்பது இரத்தக் குழாய்களிலிருந்து மாத்திரமே. இரத்தத்தின் நீர்ப்பகுதி ஒருவருடைய உடம்பில் ஏறக்குறைய மூன்று லீற்றரே உண்டு. மிகுதி நீர் தசைகளிலும் தோலின் கீழும் தேங்கியிருக்கும். அங்கிருந்து அது குழாய்களுக்குள் ஊறிவர நேரம் வேண்டும். ஊறுவதைக் காட்டிலும் வேகமாக இறைத்தால் கிணறு வற்றுவது போல இரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடும், அமுக்கம் விழும். அப்பொழுது இருதயத்தின் தசைக்கே போதிய இரத்தம் செல்லாது. தசையின் சில பகுதிகள் சிறிது நேரம் திகைத்து நின்றுவிடும். ஒருமுறை நேர்ந்தால் மீளும். மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் நேர்ந்தால் அந்தத் திகைப்பே நிலைத்த பலவீனமாகிவிடும்.

நீரை இழுக்கும் வேகத்துக்கு வைத்தியர்கள் ஓர் எல்லையைக் கவனத்தில் வைத்திருக்கிறார்கள். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேற்போனால் இருதய ஆபத்து மிகுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 58 கிலோகிராம் உடையவருக்கு இது மணிக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர். நான்கு மணியில் மூன்று லீற்றர். எம் தமையனாரோ 4.6 லீற்றரோடு வந்து படுத்தார். நாம் நீட்டிய நீர்மோர்க் குவளைகள் அந்தக் கணக்கில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம். எண்ண எண்ண மனம் கூசியது.

இதையெல்லாம் கட்டிலிற் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த தமையனார் மெலிந்த குரலில் சொன்னார்: “தம்பி, இது எனக்குத் தெரிந்த கணக்குத்தான். மழைநாளில் கொழுந்து ஈரமாய் வரும். நிறுவையில் ஈரத்துக்குக் கழிக்கவேண்டும். குறைத்துக் கழித்தால் தோட்டத்துக்கு நட்டம். கூடக் கழித்தால் பறித்தவள் வயிற்றில் அடி. சரியாகக் கழிக்கிறவன்தான் கணக்கப்பிள்ளை. நான் இத்தனை நாளும் ஈரக் கொழுந்தாகவே இருந்திருக்கிறேன். கழிக்கிற பாரத்தை எல்லாம் மெஷின் தலையிலேயே போட்டுவிட்டோம்.” சற்று நிறுத்தி, “அதோடு, ஒரு நாள் நிறுவையை வைத்து மாதக் கணக்கு எழுதலாமா, தம்பி?” என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே நீலக் கொப்பி.

முதல் வாரத்திலேயே கொப்பி உண்மையைச் சொல்லிவிட்டது. வியாழன் மாலை 124க்கு 72. வெள்ளி 138. சனி 150. ஞாயிறு 164. திங்கள் காலை 172க்கு 92. நிறை நிரலும் அதே படிகளில் ஏறியிருந்தது. வைத்தியரிடம் காட்டியபோது அவர் மிகவும் மகிழ்ந்தார். சுத்திகரிப்புக்குச் சற்று முன்னும் பின்னும் எடுக்கும் அளவுகளைக் காட்டிலும், வீட்டில் அமைதியாக இருந்து பல நாட்கள் எடுக்கும் அளவுகளே நோயாளியின் இருதய நிலையைச் சரியாகக் காட்டும் என்று ஆய்வாளர் கண்டிருப்பதாகச் சொன்னார். நீண்ட இடைவெளி பற்றியும் எச்சரித்தார். அமெரிக்காவில் வாரத்துக்கு மூன்றுமுறை சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் 32,000க்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவில், நீண்ட இடைவெளியை அடுத்த நாளிலேயே மரணமும் இருதயக் கோளாறும் மற்ற நாட்களைவிட மிகுதி என்று காணப்பட்டதாம். மூன்றுமுறை செய்வோருக்கே இவ்வாறெனின், வாரம் இருமுறை மாத்திரம் செய்வோர் எத்துணை விழிப்போடு இருக்கவேண்டும்!

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் படித்துப் பார்த்தோம். அங்கும் இதே பாடம் தொடக்கத்திலிருந்தே இருப்பது கண்டு வியந்தோம். 1943இல், ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த நெதர்லாந்திலே, கம்பென் என்னும் ஊரில் வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோபேன் குழாயை உருளையொன்றில் சுற்றி முதலாவது செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கினார். முதலில் சிகிச்சை பெற்றவருள் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். ஆயினும், ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்டவேண்டி இருந்தமையால், நிரந்தரமாகச் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது பயன்படவில்லை.

1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் வைத்தியர், கையிலேயே நிலையாக இருக்கும் டெஃப்லோன் குழாயைப் பொருத்தி அந்தத் தடையை நீக்கினார். முதலில் அதனைப் பெற்றவர் கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி, வயது 39. அவருக்கு மிகக் கொடிய இரத்த அமுக்கம் இருந்தது. உப்பைக் கடுமையாகக் குறைத்து, தேங்கிய நீரைப் படிப்படியாக நீக்கியபோது அந்த அமுக்கம் தணிந்தது. அவர் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் மறைந்தார், சிறுநீரகத்தை வென்ற அவரை வீழ்த்தியது மாரடைப்பு. இன்றும் இச்சிகிச்சை பெறுவோரின் மரணங்களுக்கு முதற்காரணம் இருதய நோயே. முதல் நோயாளியின் வாழ்வும் முடிவும் பின்வந்த இலட்சக்கணக்கானோருக்கு வழிகாட்டியும் எச்சரிக்கையுமாக நிற்கின்றன.

பின்னர் பிரான்சில், லியோன் நகரை அடுத்த தாஸ்ஸேன் என்னும் இடத்து வைத்தியர்கள், ஒரு தடவைக்கு எட்டு மணி நேரமாக மெதுவாகச் சுத்திகரித்து, உப்புக் குறைந்த உணவும் கொடுத்து, பெரும்பாலான நோயாளருக்கு அமுக்கக் குளிகையே வேண்டாதபடி செய்து காட்டினர். எட்டு மணி நேரம் எல்லோருக்கும் கிட்டாது. கட்டில் குறைவு; காத்திருப்போர் அதிகம். ஆனால் தாஸ்ஸேனின் மறுபாதி, அதாவது உப்புக் குறைந்த சமையல், எந்த ஏழை வீட்டிலும் செய்யத்தக்கது.

இருதயம் ஏன் இத்துணை எளிதில் அடிபடுகிறது? உயர்ந்த அமுக்கத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் இரத்தத்தைத் தள்ளுவதால் இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. சுமை தூக்குவோனின் தோள் தடிப்பது நன்மை. இருதயச் சுவர் தடிப்பது நன்மையன்று. தடித்த சுவர் விறைத்துப் போகும். நன்றாக விரிந்து இரத்தத்தை ஏற்காது. அடுத்து, சிறுநீரகம் பொஸ்பரசை வெளியேற்றாமையால் கல்சியமும் அதுவும் சேர்ந்து நாடிச் சுவர்களிற் படிகின்றன. இறப்பர்க் குழாய் போன்று நெகிழவேண்டிய நாடிகள் இரும்புக் குழாய் போல இறுகுகின்றன. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி விரிந்துகொண்டு போவது இதற்கு ஓர் அறிகுறி. மூன்றாவதாகப் பொற்றாசியம். இளநீரும் வாழைப்பழமும் எமக்கு நல்லுணவு. சிறுநீரகம் ஓய்ந்தவருக்கோ அவற்றிலுள்ள பொற்றாசியம் இரத்தத்தில் தேங்கி, இருதயத்தின் தாளத்தையே நிறுத்திவிடக்கூடும். நோயாளியைப் பார்க்க இளநீர்க் குலையோடு போகும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் நாம் கைவிடத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேட்டறிந்தோம். அமுக்கம் எவ்வளவு தாழ்ந்தாலும் நன்று என்பதும் பிழை. சுத்திகரிப்புக்கு முன்னரே அமுக்கம் மிகத் தாழ்ந்து நிற்பது, பல வேளைகளில் தளர்ந்துபோன இருதயத்தின் அடையாளமாக இருக்கும். உயர்வும் ஆபத்து; வீழ்ச்சியும் ஆபத்து. ஆதலால் குளிகையை எந்நேரத்தில் எடுப்பது, சுத்திகரிப்பு நாளின் காலையில் எடுப்பதா விடுவதா என்பவற்றை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். அயலவர் சொற்கேட்டோ, தம் மனம்போன போக்கிலோ மாற்றுவது தகாது.

வீட்டார் செய்யத்தக்கது யாது? முதலாவது உப்பு. நம்மில் பலரும் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி நோயாளியை அதட்டுகிறோம், உப்பை மறந்துவிடுகிறோம். உடம்பிலுள்ள நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு என்ற விகிதம் உண்டு. 9 கிராம் உப்பு உள்ளே போனால் அது ஒரு லீற்றர் நீரைக் கேட்டு வாங்காமல் விடாது. அந்தக் கேள்விக்கே தாகம் என்று பெயர். எமது தமையனாரின் 4.6 லீற்றருக்கும் பின்னால் 40 கிராமுக்கு மேற்பட்ட உப்பு இருந்தது. சுகதேகிகளே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஊறுகாய், கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், கடைப் பலகாரம் ஆகியவை எங்கள் வீட்டில் இப்பொழுது இல்லை. மாத்தளையில் இருந்துகொண்டு சுவைக்குக் குறை சொல்லலாமா? மிளகு, கொத்தமல்லி, கறுவா, ஏலம், எலுமிச்சை, பூண்டு ஆகியவற்றால் அண்ணியார் சமைக்கும் கறி உப்பின் குறையைப் பெரிதும் மறைக்கிறது. கடையில் விற்கும் ‘மாற்று உப்பு’ என்பதில் பொற்றாசியம் இருப்பதால் அதனை வாங்கலாகாது.

இரண்டாவது நீர். நாளொன்றில் வெளியேறும் சிறுநீரின் அளவோடு அரை லீற்றர் கூட்டிக்கொள்ளும்படி எமக்குச் சொல்லப்பட்டது. காலையில் ஒரு போத்தலில் அந்த அளவை ஊற்றி வைப்போம். தேநீரும் கஞ்சியும் குழம்பும் அந்தக் கணக்கில் அடக்கம்.

மூன்றாவது அளவை. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கையை இருதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து, காலையும் மாலையும் அளக்கவேண்டும். தேநீர் அருந்திய உடனே அளக்கலாகாது. சுத்திகரிப்புக்கென நாடியும் நாளமும் இணைக்கப்பட்ட கையில் ஒருபோதும் பட்டியைக் கட்டலாகாது. அந்தக் கை உயிர்க்கை. காலையில் ஒரே தராசில், ஒரே மாதிரி உடையோடு நிறை பார்க்கவேண்டும். பின்னர் எழுதவேண்டும். எழுதாத கணக்கு கணக்கன்று என்பது தமையனாரின் கட்சி.

கொப்பி இப்பொழுது மூன்றாவது. நான்கு நாள் இடைவெளியிலும் நிறை இரண்டு கிலோகிராமுக்குச் சற்று மேலே மட்டுமே ஏறுகிறது. ஞாயிறு மாலை மேல் எண் 148க்கு அருகில் நிற்கிறது. கட்டிலில் கால் சுருட்டி இழுப்பதும் கண் செருகுவதும் அரிதாகிவிட்டன. உலர் நிறையையும் வைத்தியர் அவ்வப்போது திருத்துகிறார். உடம்பு தேறினால் அது கூடும், மெலிந்தால் குறையும். நோய் நீங்கிவிட்டதென்று நாம் மயங்கவில்லை. தடித்த இருதயச் சுவர் ஒரு நாளில் மெலியாது. இறுகிய நாடி எளிதில் நெகிழாது. ஆயினும் ஒவ்வொரு பக்கமும் நிரம்பும்போது ஒரு மாதம் எங்களோடு அவர் இருந்தார் என்பது உறுதியாகிறது. அடுத்த கட்டில் விவசாயியும் இப்பொழுது ஒரு கொப்பி வைத்திருக்கிறார். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிராமையால், இருவரும் கொப்பிகளை மாற்றிப் பார்த்துத் தலையசைத்துக்கொள்வர்.

இவ்வாண்டும் மாசி மகம் வந்தது. பந்தலும் போட்டோம். தேர் கடந்து போனபின் தமையனார் குடையை ஊன்றிக்கொண்டு எம்மிடம் வந்து நின்றார். அவர் நெற்றியில் வியர்வை. எமது கை வழக்கம்போலப் பெரிய குவளையை நோக்கிப் போயிற்று. பின்னர் தயங்கி நின்றது. அவரே சிரித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து சிறிய மருந்துக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். உப்பிடாத தண்ணீரை அதில் ஊற்றினோம். மெதுவாக, வாயில் நிறுத்தி, நெடுநேரம் அருந்தினார். வீட்டுக்குத் திரும்பியதும் கொப்பியைத் திறந்து கடைசி நிரலில் 50 என்று எழுதினார்.